பெஞ்சுக்குப் போன சுவிட்ச்

அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டில், தீவுக் கலைக் கழகத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், பாடுகிறவர்களோடு பேச ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அது சிவஞானத்தின் இடது கை விரலுக்கு அடியில் இருந்தது.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மரக் கிடங்காக இருந்த தகரக் கூரைக் கட்டடத்தை நடுவில் தடுத்து, தடுப்பில் ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிறவர்கள். சுவரெங்கும் சணல் சாக்கு. இந்தப் பக்கம் மெட்ராஸிலிருந்து பழையதாக வாங்கி வந்த மிக்சர், டேப் மெஷின், அவற்றின் முன்னால் சிவஞானம், அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சு மொழிக்காரர்களுக்கு உரியது. வங்காளப் பாட்டு என்றால் பிமல் பாபு, தமிழ்ப் பாட்டு என்றால் மங்கையர்க்கரசி டீச்சர், தெலுங்குக்கு இன்னொருவர். சிவஞானத்துக்கு ஒலி தெரியும். தமிழும் ஊர் இந்தியும் தெரியும், மற்றவை தெரியாது. பாட்டு சரியாக வந்ததா இல்லையா என்று பெஞ்சு அவரிடம் சொல்லும். அவர் பொத்தானை அமுக்கி அதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொல்வார்.

அப்படித்தான் ஏற்பாடு. ஆனால் நடந்தது வேறு.

ஃபெரார்கஞ்சில் குடியேறிய ஹரிபத மண்டல், மர லாரி ஓட்டுகிறவர், படகுப் பாட்டு பாட வந்தபோது நடந்ததை உதாரணமாகச் சொல்லலாம். அவர் பாடி முடித்ததும் பிமல் பாபு பெஞ்சில் சாய்ந்து, உப்பங்கழிக்கு அந்தக் கரையில் நிற்கும் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, சுதி எங்கேயோ கிடக்கிறது என்றார். சிவஞானம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பொத்தானை அமுக்கினார்.

"தாதா, பஹுத் அச்சா! வோல்டேஜ் கிர் கயா. ஏக் பார் அவுர்."

ரொம்ப நன்றாக இருந்தது, வோல்டேஜ்தான் இறங்கிவிட்டது, இன்னொரு தடவை பாடுங்கள். ஹரிபத மண்டல் சந்தோஷமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பு பாடியபடியே மறுபடி பாடினார்.

இதை யாரும் சந்தேகப்படவில்லை. போர்ட் பிளேரில் அந்த நாட்களில் வோல்டேஜ் உண்மையிலேயே இறங்கும். சாயங்காலம் பல்பு வெற்றிலைச் சாறு நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் கூடத்துக்குள் அது இறங்கிய அளவுக்குத் தீவில் வேறு எங்கும் இறங்கியிருக்காது.

சிவஞானத்தின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். ஐம்பத்தேழில் ஒரு மைக்செட்டோடு கப்பல் ஏறி வந்தார். இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக். அபர்தீன் பஜாரில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் தங்கி, கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் கட்டினார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மச்சான் பாடுவேன் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டால், மைக்செட்காரன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒலியை மெதுவாக இறக்கிவிட்டு, இறங்கியதும் "அருமை மாப்ளே" என்று சொல்வது. பத்து வருஷம் இதைச் செய்தவருக்கு அது சுபாவமாகவே ஆகிவிட்டது. கழகம் கூடத்தைத் தொடங்கியபோது ஒலி தெரிந்தவர் என்று அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் தன் சுபாவத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அது கிடையாது என்பது அவர் மனைவி ஜெயமணியின் குறை. "ஊருக்கெல்லாம் வோல்டேஜ் இறங்குது. எங்க வீட்டுச் சாம்பார்ல உப்பு கம்மின்னா மட்டும் நேரா உப்பு கம்மிங்குறாரு. அங்க மட்டும் கரண்டு ஸ்டெடி."

கேட்டால் அவர் ஒரு நியாயம் சொல்வார். வருகிறவர்கள் எல்லாம் லாரி ஓட்டுகிறவர்கள், வயலில் நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து கண்ணாடிக்குள் நிற்கிறார்கள். "அதுல பாதிப் பேருக்கு மைக்கைப் பார்த்தாலே பாட்டே மறந்துபோகுது. நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை உள்ளே போச்சுன்னா போதும், மறுபடி இந்த மேடு ஏற மாட்டாங்க. அப்புறம் பெஞ்சுல உட்கார்ந்து நீங்களே பாடிக்க வேண்டியதுதான்." அவர் இதை முழுமனதாக நம்பினார். ஆட்கள் கூடத்துக்கு வருவதே தன் விரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானால்தான் என்பது அவர் எண்ணம்.

எழுபத்திரண்டில், எழுபத்தொன்றாகவும் இருக்கலாம், கேட்டுச் சரிபார்க்க நான் இருக்கும் ஊரில் யாரும் இல்லை, மெட்ராஸில் ஒரு ரெக்கார்டு கம்பெனி தீவுப் பாட்டுகளை ஒரு இசைத்தட்டாகப் போட ஒப்புக்கொண்டது. மொழிக்கு ஒரு பாட்டு. டேப்பைக் கப்பலில் அனுப்பிவிட வேண்டும். தமிழுக்கு வண்டூர் இந்திராணி.

இந்திராணியைக் கண்டுபிடித்தவர் சிவஞானம்தான். வண்டூரில் ஒரு கொடைக்கு மைக் கட்டப் போனபோது, அவள் தானே கட்டிய பாட்டு ஒன்றைப் பாடினாள். கப்பலில் வந்தது, தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாமல் நின்றது, இறங்கியதும் முதலில் கேட்ட வார்த்தை இந்தியாக இருந்தது, இதெல்லாம் அந்தப் பாட்டில் வரும். ஒலியை இறக்கத் தோன்றாமல் சிவஞானம் கேட்ட மிகச் சில பாட்டுகளில் அது ஒன்று.

கூடத்தில் அது சரியாக வரவில்லை. மூன்று தடவை வந்து பாடினாள். மூன்று தடவையும் டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். மூன்று தடவையும் வோல்டேஜ் இறங்கியது.

மூன்றாம் தடவை அவள் போன பிறகு மங்கையர்க்கரசி டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து கழகச் செயலாளர் கோவிந்தராஜிடம் போனார். பிமல் பாபுவும் கூடப் போனார்.

"சார், நாங்க ஒண்ணு சொல்றோம், இவரு சர்க்கரை தடவி உள்ளே அனுப்புறாரு. அந்தப் பொண்ணுக்கு என்ன தப்புன்னே தெரியாது. நாங்களே பேசணும். எங்களுக்கு ஒரு சுவிட்ச் குடுங்க."

"எட்டி அமுக்கிக்க வேண்டியதுதானே டீச்சர்?"

"எப்படி எட்டுறது? அவரு தோளு மேல சாய்ஞ்சாத்தான் பொத்தான் எட்டும். நான் என்ன அவரு தோள்ல தொங்கிட்டா பேசுறது?"

கோவிந்தராஜ் சிவஞானத்தைக் கூப்பிட்டார். பெஞ்சிலிருந்தே பேச ஒரு சுவிட்ச் போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சிவஞானம் சொல்லியிருக்கலாம். அங்கே வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் இயந்திர விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"முடியும் சார். ரெண்டு கம்பி இழுத்தாப் போதும்." கொஞ்சம் பொறுத்து, "போட்டா அப்புறம் யாரும் வர மாட்டாங்க. சொல்லிட்டேன்" என்றார்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். கப்பலுக்கு முன்னாடி போடுங்க."

வேலை எளிது. பொத்தானை அமுக்கினால் மிக்சருக்குள் ஒரு ரிலே 'டிக்' என்று இழுக்கும். அது இரண்டு காரியம் செய்யும். மேஜை மைக்கைப் பாடும் அறை ஸ்பீக்கரோடு சேர்க்கும். இந்தப் பக்கத்து ஸ்பீக்கரை அடைத்துவிடும். அடைக்காவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து கூச்சலிடும். அதனால் பேசும்போது இவர்கள் சொல்வது அங்கே கேட்கும், அங்கே சொல்வது இங்கே கேட்காது. சிவஞானம் மிக்சரின் பின்பலகையைக் கழற்றி, பொத்தானின் இரண்டு காலிலும் ஒவ்வொரு கம்பியைப் பற்றவைத்தார். இரண்டையும் முறுக்கி, சுவரோரமாகக் கயிற்றுப் பாய்க்கு அடியில் கொண்டுபோய் பெஞ்சின் கையருகே முடித்தார். பேச்சு அந்தக் கம்பியில் போகாது. பேசலாம் என்ற அனுமதி மட்டும்தான் போகும். அறை சின்னது, பெஞ்சிலிருந்து பேசினாலே மேஜை மைக்குக்குக் கேட்கும்.

சுவிட்சுக்குத்தான் சிக்கல். அமுக்கினால் சேர்ந்து, விட்டால் தானே விலகும் ஸ்பிரிங் பொத்தான் வேண்டும். அபர்தீன் பஜாரில் எல்லாக் கடையிலும் ஒரே பதில், மெயின்லேண்டிலிருந்து வரணும், அடுத்த கப்பல். டேப் போக வேண்டியதும் அந்த அடுத்த கப்பலில்தான். அது வந்து, சரக்கு இறக்கி, கடைக்குப் பொருள் வருவதற்குள் திரும்பிப் போய்விடும். தீவில் இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். கையில் இருந்ததை மாட்டினார். வீட்டு லைட்டுக்குப் போடும் சாதாரண கறுப்புச் சுவிட்ச்.

"டீச்சர், கீழே தட்டினா பேசலாம். பேசி முடிச்சதும் மறக்காம மேலே தூக்கிடணும். இது தானா எழும்பாது."

"லைட் சுவிட்சு போட எனக்குத் தெரியாதா?" என்றார் டீச்சர்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாள் இந்திராணி நான்காம் தடவையாக வந்தாள். டோலக்காரர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். கோவிந்தராஜும் அன்று உள்ளே வந்து கதவருகே நின்றார். இந்தப் பாட்டு இன்றைக்கு வராவிட்டால் தமிழ் இல்லாமலே டேப் போகும் என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. அவளுக்கும் தெரியும்.

பாடினாள். முதல் அடி வண்டூரில் கேட்டது மாதிரியே இருந்தது. இரண்டாம் அடியில் வழக்கம்போலச் சறுக்கியது. பாடி முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாக இவர்களைப் பார்த்தாள்.

மங்கையர்க்கரசி டீச்சர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, புதுச் சுவிட்சைக் கீழே தட்டினார். ரிலே 'டிக்' என்றது.

"இந்திராணி, டீச்சர் பேசறேம்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் டீச்சருக்கு வார்த்தை நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிறவர், மடியைப் பார்த்துப் பேசினார்.

"ரொம்ப... நல்லா இருந்துதும்மா. ஒரு நிமிஷம் இரு." சுவிட்சை விட்டுக் கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சிவஞானத்தின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லிடுங்க. எனக்கு நாக்கு எழும்பல."

சிவஞானத்துக்கு உள்ளூரத் திருப்தி. "என்ன சொல்லணும் டீச்சர்?"

"என்னத்தைச் சொல்றது! பாடுதா பஸ்ஸைப் பிடிக்க ஓடுதான்னு தெரியல. ரெண்டாம் அடி எடுக்குறப்பத்தான் மூச்சு வாங்குது, டோலக்கு அதுபாட்டுக்கு முன்னாடி போயிடுது. இவ பின்னாலயே தொரத்திட்டுப் போறா. குனிஞ்சு காகிதத்தை வேற பார்க்குறா, பாதி வார்த்தை தாவாங்கட்டையில போயி விழுது. நாலு தடவையும் அதே தப்பு."

"சரி, சொல்லிடறேன்" என்று சிவஞானம் பொத்தானை அமுக்கினார். 'டிக்' கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

"இந்திராணி, பிரமாதம்! டீச்சரே அசந்துட்டாங்க. வோல்டேஜ்தான் கடைசியில காலை வாரிடுச்சு. இன்னொரு தடவை பாடிடுவோமா?"

அவள் பதில் சொல்வது தெரிந்தது. வாய் அசைந்தது, கை அசைந்தது, டோலக்காரர் தலை குனிந்துகொண்டார். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை.

"வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்குது போல" என்றார் கோவிந்தராஜ். "நல்ல அக்கறை."

"ரொம்ப வேகமா சொல்லிப் பாக்குறாளே" என்றார் டீச்சர்.

பிறகு அவள் கண்ணாடியிலிருந்து மறைந்தாள். நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"அண்ணே" என்றாள், "வோல்டேஜா, நானா?"

சிவஞானத்தின் பார்வை பெஞ்சின் கையருகே போனது. சுவிட்ச் கீழே தட்டியபடியே இருந்தது; டீச்சர் தூக்கவே இல்லை.

"ரெண்டையும் கேட்டேண்ணே. டீச்சர் சொன்னதையும் கேட்டேன், அதுக்கு நீங்க போட்ட பாலிஷையும் கேட்டேன். நாலு தடவையா இதான் நடக்குதா?"

"இல்லம்மா, மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு..."

"யாரு மனசு? எங்க வீட்டுக்காரர் என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியுமா? கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போயி அவரைத்தான் கிழிச்சேன். என்ன லட்சணத்துல கரண்டு விடுறீங்க, என் பாட்டே போச்சுன்னு. போன வாரம் அந்த மனுஷன் லீவு போட்டுட்டு, இந்த மேட்டுல இருக்குற கம்பம் பூரா ஏறிப் பார்த்துட்டு வந்தாரு. எல்லாம் சரியாத்தான் இருக்கு, எனக்கே புரியலன்னு ராத்திரி சாப்பிடாம உட்கார்ந்திருந்தாரு."

கோவிந்தராஜ் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். அவள் அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"பஸ்ஸைப் பிடிக்க ஓடுறேன்னு சொன்னீங்கல்ல டீச்சர். நெசமாவே ஓடணும். வண்டூர் பஸ் போயிடுச்சுன்னா எனக்கு நடைதான். அதுக்குள்ள சொல்லுங்க. மூச்சை எங்க வாங்குறது?"

டீச்சருக்கு இப்போது நாக்கு எழும்பியது. எழுந்து வந்து அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கினார். "முதல் அடி முடியுற வரைக்கும் இழுக்காதே. 'தண்ணி'ங்கற வார்த்தையில நிறுத்தி அங்கயே மூச்சை வாங்கிடு. இழுக்கணும்னு ஆசையா இருந்தா கடைசி அடியில இழுத்துக்கோ. காகிதம் எதுக்கு? நீ கட்டின பாட்டுதானே."

"பயத்துக்குப் பிடிச்சுக்கிட்டேன் டீச்சர்."

"அப்ப என்கிட்டயே இருக்கட்டும்."

அவள் உள்ளே போனாள். சிவஞானம் எழுந்துபோய்ச் சுவிட்சை மேலே தூக்கினார். ஸ்பீக்கரில் டோலக்கின் வார் இறுகும் சத்தம் உடனே வந்தது. அவர் டேப்பை ஓடவிட்டு, தொடங்கலாம் என்று சொல்வதற்காகப் பழக்கத்தில் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் அதைப் பார்த்துவிட்டாள். ஸ்பீக்கரில் குரல் வந்தது. "அண்ணே, நீங்க பேசாதீங்க. டீச்சர் பேசட்டும்."

சிவஞானம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. "பாடும்மா." உடனே மறுபடி தூக்கும் சத்தமும் கேட்டது.

'தண்ணி'யில் நிறுத்தினாள். டோலக்கும் அவளும் சேர்ந்து இரண்டாம் அடிக்குள் போனார்கள். முழுதும் முடிந்தபோது பெஞ்சிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். பிடித்தாளா என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. டேப் மறுநாள் கப்பலில் போனது. தமிழும் அதில் இருந்தது.

ஸ்பிரிங் பொத்தான் பிறகு வந்தது. சிவஞானம் அதை பெஞ்சில் மாட்டினார். அவர் எச்சரித்ததும் முழுக்கப் பொய்யாகவில்லை. தெலுங்கில் பாட வந்த ஒருவர், பெஞ்சு தன்னோடு நேராகப் பேசிய முதல் நாளே போனவர்தான், திரும்ப வரவேயில்லை. சிவஞானம் அதைக் கோவிந்தராஜிடம் ஒரு தடவை சொல்லிக்காட்டினார். இந்திராணி வந்தாள். வரும்போதெல்லாம் கதவைத் திறந்ததும், "என்னண்ணே, இன்னைக்குக் கரண்டு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். அவர் குனிந்து டேப்பை மாட்டுவார்.

ஒரு மழை நாளில், தகரக் கூரை சத்தம் அடங்கியதும் ஹரிபத மண்டல் வந்தார். படகுப் பாட்டைப் பாடினார். பிமல் பாபு பெஞ்சுப் பொத்தானை அமுக்கப் போனார். அதற்குள் மிக்சர் பக்கமிருந்து 'டிக்' கேட்டது.

சிவஞானம் மைக்கின் பக்கம் குனிந்திருந்தார். "தாதா," என்றார். அதற்குப் பிறகு வெகுநேரம் பொத்தான் அமுங்கியபடியே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹரிபத மண்டல், வழக்கமான பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பிமல் பாபு வோல்டேஜ் என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"தாதா, சுர் நீச்சே ஹை."

சுதி இறங்கியிருக்கிறது. சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டார். ஸ்பீக்கர் திறந்தது. பிறகு ஹரிபத மண்டலின் குரல், கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, லாரியில் எத்தனை தடி ஏற்ற வேண்டும் என்று கேட்கிற மாதிரி வந்தது.

"கித்னா?"

எவ்வளவு என்று சிவஞானத்துக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்த இடம் வரை அவர் வந்ததில்லை. நாற்காலியோடு திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார்.